மர்ஃபான் என்ற பெயர்

என் கடைக்குட்டித் தங்கையின் மகனுக்குப் பதின்மூன்று வயதில் கண் மங்கியது. கண்ணுக்குள் லென்ஸ் இடம் விலகியிருப்பதைக் கண்ட மருத்துவர், அவன் நீண்ட விரல்களையும் பார்த்துவிட்டு, இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். நோயின் பெயர் மர்ஃபான்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரைத் தேடிப் போனேன். 1896-இல் பாரிசில் அந்துவான் மர்ஃபான் என்ற குழந்தை மருத்துவர், கை கால் விரல்கள் மெலிந்து நீண்ட ஐந்து வயதுச் சிறுமி கப்ரியேலைப் பற்றி எழுதினார். அவளுக்கு இருந்தது வேறொரு நோய் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதினாலும் பெயர் நிலைத்துவிட்டது.

செங்கல்லைச் சேர்த்துப் பிடிக்கும் கலவை போல, உடம்பைச் சேர்த்துப் பிடிப்பது இணைப்புத் திசு. ஃபைப்ரிலின் என்ற புரதம் பழுதானால் அது தளர்கிறது. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. கண்ணை விடப் பெரிய ஆபத்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மெல்ல விரிந்து கிழிவதுதான். தங்கை கணவர் நாற்பத்தோரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். அவரும் நெடுநெடுவென்று உயரம். இன்று நினைத்தால் வேறு விதமாகப் படுகிறது.

செலவைக் கேட்பவர்கள் மாத்திரை விலையைத்தான் கேட்கிறார்கள். தமனியின் மீது அழுத்தம் குறைக்கும் மாத்திரைக்கு மாதம் முந்நூறு ரூபாய்க்குள்தான் ஆகிறது. வருடம் ஒரு எக்கோவுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவனுக்கும் தங்கைக்கும் சம்பளம் போகும். பாரம் தூக்கக் கூடாது என்பதால் கிடைத்த இரண்டு வேலைகளை விட்டான். ஒரு காப்பீட்டு நிறுவனம் பெயரைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பியது. அறுவை சிகிச்சை வந்தால் தனியாரில் பல லட்சம். செயற்கை வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை.

குமாஸ்தா புத்தி போகுமா? எக்கோ முடிவுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். 36 மில்லிமீட்டரில் தொடங்கியது, பதினான்கு வருடத்தில் 44. பொதுவாக 50-ஐ நெருங்கினால் அறுவைக்கு அனுப்புகிறார்கள். கிழிவதற்கு முன்பே செய்தால் பிழைப்பவர்களே அதிகம்.

இப்போது பெண் பார்க்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. "சொல்லாமல் முடித்துவிடுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். தங்கை தயங்கினாள். அவன்தான், "மாமா, அந்தக் கோப்பை அவர்கள் வீட்டிலும் காட்டுங்கள்" என்றான். இரண்டு வீட்டில் காட்டினேன். இரண்டும் அமையவில்லை. மூன்றாவது வீட்டுக்கும் கோப்போடுதான் போவேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. பேரப்பிள்ளை ஒல்லியாக, அசாதாரண உயரமாக இருந்தால், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடச் சொல்லுங்கள். நகம் முழுதும் மறுபுறம் வெளியே நீண்டால், அதனாலேயே நோய் என்று ஆகாது. ஆனாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணமும் இருந்தால், ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.