படம் எடுங்கள், முகம் சுளிக்காமல்

எங்கள் மங்கலம்பேட்டை மாதர் மன்றத்தில் நோட்டுப் புத்தகம், போர்வை என்று ஏதாவது வழங்கினால் போட்டோ எடுப்பது என் வேலை. காமிரா? கையிலிருக்கும் செல்போன்தான்!

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் மட்டும் எடுக்கவே மாட்டேன். 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூர்ப் பக்கம் தானே புயல் அடித்ததே, ஞாபகமிருக்கிறதா? பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அங்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துப் பேருக்குக் கூலி கொடுத்த தோப்புக்கார அம்மாள், நிவாரண அரிசி வாங்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இங்கே பாருங்கம்மா" என்று விடாமல் கூப்பிட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நன்கொடை தந்தவர்களுக்குக் காட்டப் படம் வேணுமே என்பீர்கள். வேணும்தான். மூட்டை இறக்குவது, எண்ணி அடுக்குவது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் எடுங்கள். குழந்தை புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்குமே, அது! தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுங்கள். (முழங்கால் வலிக்காரர்கள் மணை போட்டுக்கொள்ளலாம்.) ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், எதிரே இருந்தால் முகம் கரியாகிவிடும். உச்சி வெயிலைவிட வேப்பமர நிழல் நல்லது. பேனர் முழுசா விழணும் என்று பின்னால் போகாதீர்கள், மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். சமையல் கை பட்ட போனில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்; லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள்.

"கொடுக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்லியே?" என்றார் மன்றத் தலைவி. போர்வை போர்த்தித் தன் வீட்டுத் திண்ணையில் சிரிக்கும் பாட்டியைக் காட்டினேன். அதையே மாட்டச் சொல்லிவிட்டார். பாட்டிக்கும் ஒரு பிரதி கொடுத்தாச்சு.