ஆயில் மாத்தலாம் வாங்க!

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். "வெட் சம்ப் லூப்ரிகேஷன் முறையைப் படம் வரைந்து விளக்குக" என்று 13 மார்க் கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். பம்ப், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாகப் படமும் வரைவேன். ஆனால் நிஜமான ஒரு சம்ப்பை நான் கையால் தொட்டது 2025 மே மாச லீவில்தான்.

எங்க கிளாஸில் 58 பேர். "சொந்தக் கையால கார் ஆயில் மாத்தினவங்க யாராவது இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். ரெண்டு பேர் கை தூக்கினார்கள். ரெண்டு பேர் வீட்டிலும் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. என்னையும் அவங்களையும் கழித்தால் மீதி 55 பேர். இந்தக் கட்டுரை அவங்களுக்குத்தான் :-) வழி தவறி வந்த மத்தவங்களும் தாராளமா உட்காருங்க.

முதலில் வண்டியைப் பற்றி. மாருதி 800, 2008 மாடல். அப்பா 2015-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 796 சி.சி., மூணு சிலிண்டர். 1983 டிசம்பரில் முதல் வண்டியைக் கொடுத்து, 2014 ஜனவரியில் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எங்க வண்டிக்கு 15 வருஷம் முடிந்து, 2023-ல் பதிவை இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்தோம். அப்பா ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். இந்த வண்டி நின்றால் அடுத்தது வாங்குகிற நிலைமை இப்போது இல்லை. அதனால் எங்க வீட்டில் ஆயில் மாத்துவது என்பது மாத்திரை வாங்குகிற மாதிரி. தள்ளிப்போடவே மாட்டோம்.

2021 வரைக்கும் எங்க தெரு முனையில் ஒரு அண்ணன் ஷெட் வைத்திருந்தார். தரையில் பள்ளம் தோண்டிய பிட், சுவரில் வரிசையாக ஸ்பேனர். அந்த இடத்தை ஓனர் விற்றுவிட்டதால் ஷெட் போச்சு. அண்ணன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதற்கப்புறம் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய தனியார் கடைக்கு வண்டி போக ஆரம்பித்தது. பேர் வேண்டாமே. ஏ.சி. ரூம், காபி மெஷின், பிரிண்ட் போட்ட பில் எல்லாம் உண்டு.

இந்த வருஷம் நானே மாத்துகிறேன் என்றதும் அம்மா சொன்னது: "இதெல்லாம் உனக்கெதுக்கு சாமி? காசு குடுத்தா செஞ்சு குடுத்துட்டுப் போறாங்க." அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. அந்த அண்ணனுக்கு போன் போட்டு, "ஏப்பா, பையனுக்கு அந்த ஸ்டாண்டு ரெண்டும் வேணுமாம்" என்றார். சம்மதம் என்று அர்த்தம்!

சரி, வேலைக்கு வருவோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வரி தியரி.

எஞ்சின் ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் இல்லை. சூட்டைக் கொஞ்சம் சுமந்துகொண்டு போகும், கரியைக் கழுவி எடுக்கும், பிஸ்டன் ரிங் இடைவெளியை அடைக்கும், துருப் பிடிக்காமல் காக்கும். கேனில் போட்டிருக்கும் 20டபிள்யூ-40-ல் டபிள்யூ என்பது 'வெயிட்' இல்லை, 'வின்டர்'. முன்னால் இருக்கிற 20 குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கிற 40, 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. உங்க வண்டிக்கு எது, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதெல்லாம் மேனுவலில் இருக்கும். இப்போது வருகிற பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற கணக்கு வேண்டாம்.

தேவையானவை: மேனுவலில் சொன்ன ஆயில், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ரிங் ஸ்பேனர், அகலமான பழைய பேசின், புனல், பழைய துணி, ஜாக்கி, ரெண்டு ஜாக்கி ஸ்டாண்ட். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், வழுக்கி போல்ட்டின் மூலையை மழுக்கிவிடும். ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றும் சேர்த்து எனக்கு 1,300 ரூபாய்க்குள் முடிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. வண்டியோடு வருகிற ஜாக்கி டயர் மாத்துவதற்கு மட்டும்தான். வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. சமமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, அப்புறம் மேனுவலில் காட்டிய இடத்தில் ஸ்டாண்ட். வைத்த பிறகு வண்டியை நல்லா ஆட்டிப் பாருங்க. ஆடினால் கீழே போகாதீங்க. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைக்கிற வேலையும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

எஞ்சினை நாலு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். கொஞ்சம் சூடு இருந்தால் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். ரொம்பச் சூடாக இருந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்துவிட்டுக் கீழே படுத்தேன். ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு. ம்ஹூம். இன்னொரு இழுப்பு, 'டக்'. அந்தச் சத்தம் இருக்கே... மூணு வருஷப் படிப்பில் எந்த லேபிலும் கேட்காத சத்தம்! கடைசி மரை வரைக்கும் போல்ட்டை உள்ளே அழுத்திப் பிடித்தபடியே சுத்தி, டக்கென்று கையை இழுக்கணும். கறுப்பாகக் கயிறு மாதிரி இறங்கியது.

கறுப்பாக இருந்ததே, ஆயில் கெட்டுப்போச்சா என்றால் அப்படி இல்லை. ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அது வேலை செய்கிறது என்பதற்கே கறுப்பு அடையாளம். நிறத்தை மட்டும் வைத்து எப்போது மாத்தினது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அடுத்தது ஃபில்டர். கையால் அசையவில்லை. பழைய சைக்கிள் ட்யூபை அதன் மேல் சுத்திப் பிடித்துத் திருகினேன், வந்தது. துணியால் துடைத்தபோது, பெயின்ட் மேல் மார்க்கர் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. இன்னும் துடைத்தேன்.

61,200. அதுக்குக் கீழே 3-21.

எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும். ஷெட் அண்ணன் ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவார், ஒண்ணு எழுதினால் கொக்கி போடுவார். மீட்டரைப் போய்ப் பார்த்தேன்: 85,140. அப்பா பில் எல்லாவற்றையும் ஃபைல் போட்டு வைத்திருப்பவர். எடுத்துப் பார்த்தால் 2022, 2023, 2024 மூணு பில்லிலும் "ஆயில் ஃபில்டர் - 1" என்று அச்சாகி, பணமும் வாங்கியிருக்கிறார்கள். ஃபில்டர் மட்டும் 2021-லேயே நின்றுவிட்டது!

இதில் பயமான சங்கதி என்னவென்றால், வண்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் நின்றுபோகக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். ஆயில் போய்க்கொண்டேதான் இருக்கும், வடிகட்டாமல். அந்தப் பொடி பேரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். டேஷ்போர்டில் விளக்கு எரியாது. சீக்கிரம் செத்துப்போகிற எஞ்சினுக்கு, "பழைய வண்டிங்க, அப்படித்தான்" என்று காரணம் சொல்லிவிடலாம்.

மீதி வேலையை முடித்தேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கணும். ஒட்டியிருந்து அதன் மேலேயே புதுசை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் படிந்ததும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். டிரெயின் போல்ட்டுக்கு அப்பா வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்: "பாத்துக் கண்ணு, பலம் காட்டாத. மரை போச்சுன்னா சம்ப்பையே மாத்தோணும்." மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கம்மியாக ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் விளக்கு சில விநாடியில் அணையணும். அணைந்தது. கீழே கசிவு இல்லை. வண்டியை இறக்கிச் சமதரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக் பார்த்து, ரெண்டு கோட்டுக்கும் நடுவில் மேல் கோட்டுக்குப் பக்கமாக வரும்வரை ஊற்றினேன். அவ்வளவுதான். முதல் தடவை என்பதால் ரெண்டு மணி நேரம்.

சாயங்காலம் அந்த ஃபில்டரைக் கவரில் போட்டு, நானும் அப்பாவும் அந்தக் கடைக்குப் போனோம். மேனேஜர் பில்லைப் பார்த்தார், ஃபில்டரைப் பார்த்தார். உடனே உள்ளே இருந்து ஒரு பையனைக் கூப்பிட்டார். என் வயசுதான் இருக்கும். கையெல்லாம் கிரீஸ். எங்க முன்னாடியே, "ஏன்டா, ஃபில்டர் மாத்துனியா இல்லையாடா?" என்று கத்தினார்.

"சார், நான் பொங்கலுக்கு அப்புறம்தான் சார் சேந்தேன்."

காலையில் நான் பிடித்த அதே மாதிரி ஸ்பேனர் அவன் கையில் இருந்தது. எனக்கு ஒண்ணும் பேச வரவில்லை. அப்பாதான் பேசினார். "தம்பியை விடுங்க. மூணு வருசத்துப் பில்லுங்க இது, அவர் பேரும் இதுல இல்லைங்களே. போட்டவங்க யாருன்னு மட்டும் பாருங்க." சத்தமே போடவில்லை. மூணு ஃபில்டருக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுக்கும் ரசீது வாங்கிக்கொண்டுதான் அப்பா கிளம்பினார். கணக்கு எழுதுகிறவர் இல்லையா :-)

யோசித்துப் பார்த்தால், நான் மிச்சம் பிடித்த கூலி பெரிய தொகை ஒண்ணும் இல்லை. எல்லோரும் ஆயுசுக்கும் தானே மாத்தணும் என்றும் சொல்லவில்லை. ஒரு தடவை செய்து பாருங்க என்கிறேன். செய்து பார்த்தவனை ஏமாத்துவது கஷ்டம். செய்து பார்த்தவன், வெயிலில் கார் அடியில் படுத்திருக்கிற ஒருத்தனை "டேய்" என்று கூப்பிடுவதும் கஷ்டம். இந்த ரெண்டும் 13 மார்க் பதிலில் வராது.

கழிவு ஆயில் விஷயம் ஒண்ணு பாக்கி. பக்கத்து வீட்டுத் தாத்தா, "அதைக் குடு கண்ணு, கரையானுக்கு ஊத்தலாம்" என்று கேட்டார். சென்ட்ரிங் பலகைக்குப் பூசக்கூட வாங்கிப் போவார்கள். ஆனால் அதில் எரிந்த கழிவும் தேய்ந்த உலோகமும் இருக்கிறது, மண்ணில் விட்டால் கிணற்றுத் தண்ணிக்குத்தான் போகும். ஒரு தடவை மாத்துகிற ஆயில் சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணியைக் கெடுக்கும் அளவுக்குப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு, காலிக் கேனில் பிடித்து, பேரல் வைத்துச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒரு ஷெட்டில் கொடுத்தேன். காலிக் கேனை எப்போதும் ஓட்டை போட்டுத்தான் தூக்கிப் போடணும், இல்லாவிட்டால் அதிலேயே டூப்ளிகேட் ஆயில் நிரம்பி வரும்.

மறுநாள் ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஃபில்டரையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதுனதுதான். மாசத்துக்கு நாப்பது வண்டி பாத்தா எதுக்கு எப்ப மாத்துனம்னு நெனப்பு நிக்குமா? அதான் எழுதி வெச்சர்றது" என்றார். கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கேள்வி: "வாஷர் புதுசு போட்டியா கண்ணு?"

"போட்டேங்ண்ணா."

"அப்பச் சரி. ஸ்டாண்டு உங்கிட்டயே இருக்கட்டும். நான் இனி எதுக்கு மாட்டப் போறேன்."

ஆகவே 55 பேருக்கும் அறிவிப்பு: ஜாக்கி ஸ்டாண்ட் ரெண்டும் எங்க வீட்டுத் திண்ணைக்கு அடியில் இருக்கிறது, வாடகை இல்லை. வரும்போது ஆயிலும் ஃபில்டரும் வாஷரும் வாங்கிட்டு வாங்க. ஒரு மார்க்கர் பேனாவும்.