முழங்கையைப் பிடித்து எழுதவைக்கிறவர்

முதல் வருட டீச்சர் என்றதும் கல்லூரிக் களை மாறாத ஒரு பெண்ணைத்தான் எதிர்பார்த்துப் போனேன். கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் இருந்தவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பாஸ் செய்தவர். வேலைக்குக் காத்திருந்தபோதே 2018இல் அரசாணை 149 வந்து, இன்னொரு போட்டித் தேர்வும் எழுது என்றது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்ததோ 2024 ஜூலையில். ஆர்டர் கைக்கு வரும்போது அவருடைய சொந்த மகளே ஆறாம் வகுப்பு.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்பைவிட நிலைதான் கணக்கு: அரும்பு, மொட்டு, மலர். ஜன்னலோரப் பையன் மூன்றாம் வகுப்பு. அப்பா ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். கடன் வாங்கிக் கழிப்பதை விரல் மடக்காமல் போடுகிறான், ஆகவே கணக்கில் மலர். தமிழில் அரும்பு.

பென்சிலைக் கரண்டி மாதிரி இறுக்கிப் பிடித்து ‘ப’ எழுதிக்கொண்டிருந்தான். டீச்சர் தரையில் அவன் பின்னால் உட்கார்ந்தார். விரலைத் தொடவில்லை. முழங்கையை மட்டும் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். கோடு இறங்கியது, திரும்பியது, ஏறியது.

“விரலைப் பிடிச்சா நம்ம கைதான் சார் எழுதும். முழங்கையைப் பிடிச்சா அவன் கை எழுதும்.”

கையேட்டில் படித்ததல்ல; பக்கத்து அறை மூத்த டீச்சர் காட்டிக்கொடுத்தது. அவர் செயல்வழிக் கற்றல் காலத்து ஆள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்கப் போன முறை அது. நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்காரும் பழக்கம் அப்போது வந்தது. திட்டம் மாறியும் அவருக்குப் போகவில்லை. இந்தத் தொழில் அறைக்கு அறை இப்படித்தான் கை மாறுகிறது. மதிப்பீட்டைப் பதிவேற்றும் செல்போன் ஆப்பில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அது சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளை வாசிக்கவைத்துவிடலாம் என்பது என் எரிச்சல். டீச்சர் சிரித்துக்கொண்டதோடு சரி.

காலை உணவைப் பற்றி மட்டும் இரண்டு டீச்சர்களுக்கும் ஒரே பேச்சு. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் உண்டு. முன்பெல்லாம் பத்தரை மணிக்கே பிள்ளைகளின் தலை சாய்ந்துவிடுமாம். திங்கட்கிழமை உப்புமாவுக்கு முகம் சுளிக்கிற பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள், அது வேறு.

ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் கட்டடம் முடிந்தால் அந்தப் பையனின் அப்பா ஒரகடமோ வேறெங்கோ போய்விடுவார். இப்படிப் போகிறவர்கள் டி.சி. கேட்டுக்கூட வருவதில்லை, பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் பெயர் மட்டும் நிற்கும்.

“ஆறாவது மாடி ஓட்டிட்டிருக்காங்களாம் சார். பூச்சு வேலை முடியறதுக்குள்ள உயிர்மெய் முடிச்சிடணும்” என்றவர், அடுத்த பிள்ளையின் முழங்கைக்கு நகர்ந்தார்.