மச்சான், கணக்கு எங்கே?

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு என்னைப் பொருளாளராகப் போடுவதென்று முடிவு. தகுதி? நான் பி.காம்., வேறு யாரும் மாட்டவில்லை. ஒரே ஒரு சிக்கல். பழைய பொருளாளர் என் அத்தை மகன். இரண்டு வருஷமாகக் கணக்குக் காட்டவில்லை. கேட்டால், "நமக்குள்ள என்ன மாப்ளே கணக்கு?" என்று தோளில் கை போடுவார்.

யோசிக்க அவகாசம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் பஸ் பிடித்து உத்திரமேரூர் போய் இறங்கினேன்.

டீக்கடை அம்மா கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க தம்பி?"

"யார் வீட்டுக்கும் இல்லைம்மா. கல்வெட்டு பார்க்க."

அவருக்குத் திருப்தியில்லை. டீ ஆறுவதற்குள் என் சொந்த ஊர், அப்பா வேலை, கல்யாணம் ஆனதா, பெண் எந்த ஊர் என்று எல்லாம் கறந்துவிட்டார். 'வம்பு' என்று நினைக்காதீர்கள் ஸார். பண்பாட்டு மானிடவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஒரு கூட்டம் எப்படி வாழ்கிறது, எதைச் சரி என்கிறது, எதைத் தப்பு என்கிறது என்று அவர்களோடேயே தங்கிப் பார்த்து எழுதுவது. அதில் முதல் பாடங்களில் ஒன்று, உறவுமுறை. புது ஆள் வந்தால் அவனை எந்த உறவில் வைப்பது என்று தெரிந்தால்தான் ஊருக்கு நிம்மதி. அந்த அம்மா படிக்காமலே பாஸ்!

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள்; கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகள். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! இப்படி வருபவர்கள்தான் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் பார்ப்பது.

தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது. எனக்கு வயது 34, வாடகை வீடு, நிலம் பூந்தொட்டியில் மட்டும். மூன்றிலும் ஃபெயில்.

அடுத்த விதிதான் என்னை நிற்க வைத்தது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனோடு சேர்த்து அவன் அப்பா, பிள்ளை, உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை... யாருக்கும் இடமில்லை!

அத்தை மகனுக்கு நான் யார்? மாமன் பிள்ளை! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே என்னை அடித்துவிட்டார்கள்.

இங்கிலீஷ்காரனுக்கு எல்லோரும் 'கஸின்'. நமக்குச் சித்தப்பா மகன் தம்பி, அத்தை மகன் மச்சான். ஒருத்தரோடு கூடப் பிறந்த மாதிரி, இன்னொருத்தரோடு சம்பந்தம் செய்யலாம். அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற வக்கீல், உலகம் முழுக்க உறவுப் பெயர்களைச் சேகரித்து 1871-ல் புத்தகம் போட்டார். நம் தமிழ் உறவுமுறையும் நியூயார்க் பக்கத்து செனகா செவ்விந்தியர் உறவுமுறையும் ஒரே அச்சாக இருக்கக் கண்டு அசந்துபோனார். அதனால் அவர்கள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சாட்சி என்றார். அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் 'திராவிட உறவுமுறை' இன்றும் மானிடவியல் பாடத்தில் நிற்கிறது.

சுவரில் வெட்டியவர்களுக்கு மார்கனைத் தெரியாது. ஆனால் பணம் எந்த உறவு வழியாக நழுவும் என்று தெரிந்திருக்கிறது. 'நம்ம ஆள்' என்ற சொல்லுக்கு எல்லை எதுவரை என்று கல்லில் கோடு போட்டிருக்கிறார்கள்.

உடனே 'உலகுக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தோம்' என்று மார்தட்டவும் முடியவில்லை. இது சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். நிலத்தோடு வேதப் படிப்பும் தகுதி. உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை, எந்தப் பெண் பெயரும் போகவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததே 2016-ல்தான். மானிடவியலின் இன்னொரு பாடம் இது: அடுத்தவர் வழக்கத்தை உன் முழம் போட்டு அளக்காதே, ஆனால் படத்தில் யார் இல்லை என்பதையும் பார்.

திரும்பும் பஸ்ஸிலேயே போன் போட்டேன்.

"மச்சான், கணக்கு நோட்டு வேணும். அது வர்ற வரைக்கும் நான் பொறுப்பு ஏத்துக்கலை."

"என்ன மாப்ளே, நான் உனக்கு யாரு?"

"அத்தை மகன். அதுதான் பிரச்னையே!"

அடுத்த ஞாயிறு நோட்டு வந்தது, ரசீதுக் கட்டோடு. கொண்டு வந்தது அத்தை. வாசலிலேயே கொடுத்துவிட்டு, காபி வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

அதற்கு என்ன செய்வது என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை ஸார்.