ஆயிரத்து ஐந்நூறு

எனக்கு ஆறு வயசுல ஜீவனாம்ச உத்தரவு வந்தது. என் பங்கு மாதம் 1,500 ரூபாய். பிளஸ் ஒன் சேர்ந்தபோதும் அதே 1,500. உத்தரவு தானாக ஏறாது என்று எங்களுக்குத் தெரியாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 127-ஆவது பிரிவில் மனு போட்டு, சூழ்நிலை மாறியதை நிரூபிக்க வேண்டும். (இப்போதைய புதுச் சட்டத்தில் அது 146.) 2001 வரை 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்றார் வக்கீல், ஏதோ நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் மாதிரி.

அப்பா தம்மம்பட்டியில் மரச்சிற்பி. வாகை மரத்தில் சாமி செதுக்குகிறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அப்பாவும் தந்தார். மாதம் எட்டாயிரமாம்.

"ஒரு கருடனுக்கே அவ்வளவு வாங்குவாருடா" என்றாள் அம்மா. ஆனா கோர்ட்ல அதைச் சொல்லலை. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க.

4,000 ஆக்கினார்கள், உத்தரவு தேதியிலிருந்து. எனக்கு அப்போது பதினேழே முக்கால். மூணு மாசம் வாங்கினோம். பதினெட்டு முடிந்ததும் அந்தப் பிரிவில் என் பங்கு நின்றது.

கடைசிப் பணத்தோடு ஒரு சின்ன மரக்குதிரை கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு கால் கொஞ்சம் கோணல். அம்மா அதை டிவி மேல வைக்கலை. தூக்கி எறியவும் இல்லை.