பாறைக் குடிகள் இரண்டு

செஞ்சிக்கு வருவோர் கோட்டையைக் கண்டு வியக்கின்றனர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளில் குவிந்து கிடக்கும் பாறைகளையோ, "வெறுங்கல்" என்று கடந்து செல்கின்றனர். அக்கற்களிடையே ஒரு பறவை குடியிருப்பதை இவ்வூரில் வாழும் நாம் அறிவோம். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர்.

அது புல்புல் இனத்தது. புல்புல் என்னும் சொல் அரபியிலும் பாரசீகத்திலும் பயில்வது. பாரசீகக் கவிஞர் பாடிய புல்புல் ரோஜாத் தோட்டத்தது. நம் சின்னானோ பாறைச் சரிவையும் முட்புதரையும் நாடுவது. தென்னிந்தியக் குன்றுகளன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. 1845-இல் ஜெர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை அறிவுலகிற்கு அறிமுகம் செய்தார்.

இதற்கு இணையான பாறைக் குடியொன்று ஆஸ்திரேலியாவின் பனிமலைகளில் உண்டு. மலைக் குள்ளப் போசம் என்பர். எலியளவு உடல், எடை சுமார் 45 கிராம், குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும். இத்தகைய விலங்குகளை அரபியில் 'ஜிராபிய்யாத்' என்பர்; 'ஜிராப்' என்றால் தோற்பை. முதலில் அதன் பழைய எலும்புகளே கிடைத்தமையால் அற்றுப்போன இனமென்றே அறிஞர் கருதினர். 1966-இல் பனிச்சறுக்கு விடுதியொன்றில் அது உயிருடன் அகப்பட்டது!

ஒன்று முட்டையிடுவது, மற்றது பாலூட்டுவது. ஒன்று வெயிலில் காயும் கல்லில் வாழ்வது. மற்றது பனி மூடிய கற்குவியலினுள் மாதக்கணக்கில் உறங்குவது. எனினும் பாறை போனால் இரண்டிற்கும் வாழ்வில்லை.

பனிச்சறுக்கு விடுதிகளுக்கான சாலை போசத்தின் வழியை மறித்தது. 1980-களில் அந்நாட்டார் சாலையின் அடியில் கற்கள் நிரப்பிய சுரங்கவழி அமைத்தனர். ஆண் விலங்குகள் மீண்டும் தம் பருவகாலப் பயணத்தைத் தொடர்ந்தன.

நம் பக்கத்து நிலை என்ன? 2025-இல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று; மகிழ்ச்சியே. ஆயினும் விழுப்புரம் மாவட்டத்தில் கோட்டையில்லாக் குன்றுகள் பல ஜல்லியாகி வருகின்றன. பாடவேளையில் வெடியோசை கேட்டு நம் மாணவர் திடுக்கிடுகின்றனர்.

"பறவைக்குச் சிறகுண்டே, வேறிடம் போகாதா?" என்பார் உளர். எங்கே போகும்? வயல்வெளியின் நடுவே குன்றுகள் தீவுகளாய் நிற்கின்றன. ஒரு குன்று அழிந்தால் அடுத்த குன்றின் தொலைவு கூடுகிறது. போசத்திற்குச் சுரங்கவழி செய்யலாம். சின்னானுக்குக் குன்றைச் செய்து தர எவராலும் இயலாது.

வீடு கட்டக் கல் வேண்டும், மறுப்பாரில்லை. எந்தக் குன்றை உடைப்பது, எதனை விடுவது என்று ஊரார் கூடி ஆராயலாமே. கல்லுக்கு விலை பேசுமுன் அதில் குடியிருப்பது யாரென்று கேட்பது நம் கடமை.