வெள்ளைக் கோடும் தேர்க்காலும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், கொற்கையைப் பார்த்து வரலாமென்று தூத்துக்குடியிலிருந்து மோட்டாரில் புறப்பட்டோம். திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாலையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தன. தலையில் வாழையிலைக் கட்டுடன் ஒரு கிழவி அவற்றின்மேல் ஒரு காலை வைத்தாள். நம் வண்டியின் ஹாரன் அலறிற்று. அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வண்டியை ஓட்டியவன் நம் தமக்கை மகன். "நிறுத்தப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பின் ஆசனத்தில் சாய்ந்திருந்தவர் நாமேதான்.

முத்துக் குளித்த பாண்டியர் துறையாகிய கொற்கையை விட்டுக் கடல் சில மைல் விலகிப்போய் வெகு காலமாயிற்று. அங்குள்ள பழைய வன்னி மரத்தடியில் உட்கார்ந்தபோது சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைப் பற்றிப் பாண்டியன் சபையிலே கண்ணகி பேசுகிறாள். "கன்று ஏன் குறுக்கே வந்தது?" என்று அந்த அரசன் கேட்கவில்லை. நாமோ முதலில் அதைத்தான் கேட்கிறோம்!

2022-இல் நம் தேசத்துச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். சட்டம் இல்லாமலில்லை. விளக்கு இல்லாத கோட்டருகே வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டுமென்று 2017-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது 2019-ஆம் வருஷத்துத் திருத்தம். கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், பாதசாரிகளின் பாதுகாப்புக்காக 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவுகள் பிறப்பித்தது.

தலைக்கவசம் அணியாதவரை மறிக்கும் போலீஸ்காரர், கோட்டருகே நில்லாதவரையும் மறிக்க வேண்டும். இதில் சந்தேகமில்லை. ஆயினும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு போலீஸ்காரர் எங்கே கிடைப்பார்? வண்டிக்குள் பெரியவர்கள் என்று நாம் இருக்கிறோமே, நாம் எதற்கு?

மாலையில் திரும்புகையில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். பின்னால் ஒரு லாரி அலறியது, அலறட்டும் என்றிருந்தோம். இரண்டு பள்ளிச் சிறுவர்கள் கைகோத்துக் கடந்தார்கள். அப்பால் போய்ச் சேர்ந்ததும் சின்னவன் திரும்பி நம்மைப் பார்த்துக் கும்பிட்டான்.

அவனுக்கு உரிய வழியை அவனுக்கு விட்டதற்கா இந்தக் கும்பிடு! தூத்துக்குடி வந்து சேரும் வரை நாம் தலை நிமிரவில்லை.